நெரவியில் எடுத்த மங்கல் படம்

தை மாதத்தில் காரைக்கால் பக்கத்துப் பனி காலை ஏழேகால் வரை நிற்கிறது. பிறகு பத்து நிமிடத்தில் காணாமல் போகிறது. அங்கே இருந்த நாட்களில் தினமும் இதைக் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். அந்தப் பனியை நம்பித்தான் போயிருந்தேன்.

கோயம்புத்தூரில் ஒரு நாளிதழுக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் புகைப்படம் எடுத்தவன் நான். விபத்து, மறியல், அமைச்சர் வருகை, மழையில் இடிந்த சுவர். முகம் தெளிவாகத் தெரிய வேண்டும், பெயர்ப் பலகையைப் படிக்க முடிய வேண்டும். மங்கலாக வந்த படத்தை அலுவலகத்தில் யாரும் இரண்டாம் முறை பார்க்க மாட்டார்கள். என் தங்கை வசந்தி போனில் கேட்டது இதற்கு நேர் எதிரான ஒன்றை.

"என்னை ஒரு போட்டோ எடுக்கணும்ணே. நல்லா இருக்கணும். ஆனா ரொம்பத் தெரியக் கூடாது."

வசந்தி நெரவியில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய ஒரே மகள் கயல், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள காரைக்கால் குடும்பத்துப் பையனைக் கட்டிக்கொண்டு பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். எட்டு மாதக் கர்ப்பம். இரத்த அழுத்தம் ஏறுவதால் எந்தக் கவலையும் கொடுக்காதீர்கள் என்று அங்குள்ள மருத்துவர் சொல்லியிருக்கிறார். வசந்திக்குப் போன ஆடியில் வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது. மகளுக்குச் சொல்லவில்லை, பிரசவம் முடியட்டும் என்று முடிவெடுத்துவிட்டாள். போனில் முன்பக்கக் கேமரா போய்விட்டது என்று சொல்லி ஐந்து மாதமாகக் குரலில் மட்டும் பேசுகிறாள். ஊராரைப் பொறுத்தவரை அவளுக்கு அல்சர். கயல் பொறுத்துப் பார்த்துவிட்டு, குழந்தையின் அறையில் மாட்ட அம்மாவின் புதுப் படம் வேண்டும், மாமாவை எடுத்து அனுப்பச் சொல் என்று கேட்டுவிட்டாள். மறுத்தால் சந்தேகப்படுவாள். தெளிவாக எடுத்தால் தெரிந்துகொள்வாள்.

நான் போன பேருந்து நெரவிக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே நின்றது. எதிரே ஓர் அறுவடை இயந்திரம் சாலையின் முழு அகலத்தையும் அடைத்து வந்துகொண்டிருந்தது. நடத்துநர் படியில் நின்று, மெதுவா வாங்க, இங்க எல்லாரும் வேலை வெட்டி இல்லாமத்தான் உக்காந்திருக்கோம் என்றார். இயந்திரத்தின் மேலிருந்து பதில் வந்தது: "ஒதுங்கணும்னா வயல்ல இறங்கணும். இறங்குனா நீங்கதான் வந்து தள்ளணும். வர்றீங்களா?" பேருந்தே பின்வாங்கியது. நான் இறங்கி நடந்தேன். சாலையின் ஒரு பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அதன் மேல் ஒரு செருப்புத் தடம்கூட இல்லை. எங்கள் ஊரில் நடப்பவருக்கு ஓரம். இங்கே நெல்லுக்கு ஓரம், நடப்பவர்தான் நடுச்சாலையில் போக வேண்டும்.

வாசலில் நின்றவளை அடையாளம் காண எனக்கு மூன்று நொடி ஆனது. என் தொழிலில் மூன்று நொடி மிக நீண்ட நேரம். பதினாறு கிலோ குறைந்திருந்தாள். புருவத்தை மையால் வரைந்திருந்தாள்.

"என்ன பாக்குற? பேப்பர்காரன் பார்வை பாக்காத. உள்ள வா" என்றாள்.

கொடுவா மீன் குழம்பும் இறால் வறுவலும் வைத்திருந்தாள். எனக்கும் அவள் கணவரான மாப்பிள்ளைக்கும் பரிமாறிவிட்டு, டம்ளரில் வடிகட்டிய கஞ்சியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். பரிமாறும்போது கையிலிருந்த ஒற்றைத் தங்க வளையல் உள்ளங்கை வரை இறங்கியது. பார்க்காமலே அதை மேலே தள்ளிவிட்டாள், மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிடுவதைப்போல. குழம்பு நன்றாக இருந்தது. உப்பு சரியா என்று கேட்டாள். அவளால் ருசி பார்க்க முடிவதில்லை, மாப்பிள்ளை சொல்லித்தான் உப்புப் போடுகிறாள். மாப்பிள்ளைக்கு அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. இந்த ஐந்து மாதத்தில் சமையல் உப்பையும் மாத்திரை நேரத்தையும் தவிர வேறெதைப் பற்றியும் அவர் அதிகம் பேசியதாகத் தெரியவில்லை.

ஸ்டுடியோ வேண்டாம் என்று முதலிலேயே முடிவாகியிருந்தது. ஸ்டுடியோவில் கணினியை வைத்து முகத்தை மெழுகிவிடுவார்கள். கயல் அதைப் பார்த்த உடனே கண்டுபிடிப்பாள். கணினி கைபடாத மங்கல் வேண்டும்: பனி, எதிர்வெயில், லென்சுக்கு முன்னால் ஏதாவது ஒரு மறைப்பு. இதெல்லாம் படித்துத் தெரிந்ததே தவிர நான் செய்து பார்த்ததில்லை. வசந்தியை வைத்துப் பழகவும் முடியாது, பத்து நிமிடம் நின்றாலே அவளுக்குக் கால் நடுங்குகிறது. எனவே ஊராரை வைத்துப் பழகினேன்.

மறுநாள் காலை மீன்பிடித் துறைமுகம். பையிலிருந்து எடுத்த உடனே லென்சின் மேல் ஈரம் படிந்தது. கோவையில் ஒரு மழைக்காலம் முழுக்க வராத ஈரம் இங்கே ஒரு காலையில் வந்துவிடுகிறது, நாக்கில் வைத்தால் உப்பு. பழைய ஃபில்டர் ஒன்றில் வாஸ்லினை மெல்லத் தடவி லென்சுக்கு முன்னால் மாட்டி, மீன் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த செல்வராணி என்ற அம்மாளிடம் அனுமதி கேட்டு எடுத்தேன். ஐம்பது வயது இருக்கும். திரையில் காட்டினேன்.

"என்னண்ணே, புகை மண்டிக் கிடக்கு? கருவாடு சுடுற எடத்துல உக்கார வெச்ச மாதிரி."

பக்கத்துக் கூடைக்காரி எட்டிப் பார்த்தாள். "உனக்கு இதான்டி நல்லது. பத்து வயசு போயிருச்சு பாரு. அண்ணே, இவ புருசன்ட்ட காட்டிடாதீங்க, வேற யாரோன்னு நெனச்சு கூடவே போயிருவாரு."

சிரிப்பு அடங்கியதும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுருக்கங்கள் போயிருந்தன. மூக்குத்தி மட்டும் அரை முகத்துக்கு ஒளி விரித்து நின்றது. அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்: எது மின்னுகிறதோ அதை மறைப்பு இன்னும் பெரிதாக்கும். எழுதியதோடு சரி. மறுபடி அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

மாலையில் அரசலாற்றுக் கரையில் நடந்துகொண்டிருந்த ஒரு பெரியவரை நிறுத்தினேன். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர், சொல்தா என்பார்கள் இங்கே. நேராக நிமிர்ந்து, இரண்டு காதும் தெரியும்படி நின்றார். இயல்பாக நில்லுங்கள் என்றேன். காது தெரியாவிட்டால் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்றார். யார் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன்.

"பென்ஷன்காரங்கதான். வருஷா வருஷம் உசுரோட இருக்கேன்னு காட்டணும். நாப்பது வருஷமா நமக்கு போட்டோன்னா அதுக்கு மட்டுந்தாங்க."

என் மங்கல் படத்தைப் பார்த்துவிட்டு, இதை அனுப்பினால் பென்ஷனை நிறுத்திவிடுவார்கள் என்று சொல்லிச் சிரிக்காமல் போய்விட்டார். வாஸ்லின் சரிப்படவில்லை. காற்றில் வந்த மணல் அதில் ஒட்டிக்கொண்டது.

மூன்றாம் நாள் காரைக்கால் கடைத்தெருவுக்குப் போனேன். பேருந்து வராததால் பங்கு ஆட்டோவில் ஏழாவது ஆளாக, பாதி உடம்பு வெளியே. ஒரு துணிக்கடையில் வெள்ளை வலைத்துணி கேட்டேன், நிக்காஹ் பெண்ணின் முகத்துக்கு மேல் போடுவார்களே அது. எத்தனை மீட்டர் என்றார் கடைக்காரர். கைக்குட்டை அளவு போதும் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். லென்சில் கட்ட என்று விளக்கினேன். அறுபது வயது மனிதர். துணியை விரித்துத் தன் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு எதிர்க்கடைக்காரரைக் கூப்பிட்டார்: "என்னங்கனி, நான் அழகா தெரியுறனா?" எதிர்க்கடையிலிருந்து, இன்னும் நாலு மடிப்புப் போடும் என்று பதில் வந்தது.

அவரையே கடை வாசலில் நிறுத்தி அவர் துணியை வைத்தே எடுத்தேன். வாஸ்லினைவிட எவ்வளவோ மேல். முகம் முகமாக இருந்தது, ஓரங்கள் மட்டும் பாலில் கரைந்ததுபோல. யாருக்காக இவ்வளவு பாடு என்று கேட்டார். முன்பின் தெரியாதவர் என்பதாலோ என்னவோ, உண்மையைச் சொன்னேன். நெரவிக்கு வெளியே ஒருவரிடம் சொல்வது ஊருக்குள் சொல்வதைவிடப் பாதுகாப்பு.

அவர் வியப்படையவில்லை. கடைப் பையனை அனுப்பாமல் தானே போய் இறால் வாடா இரண்டு வாங்கி வந்தார். அரிசி மாவில் தட்டி, மேலே ஓர் இறாலை வைத்துப் பொரித்தது. பொட்டலத் தாளில் எண்ணெய் ஊறியிருந்தது.

"சபர்ல இருக்குற புள்ளைக்கு நோவச் சொல்ல மாட்டோம்" என்றார். வெளிநாட்டில் இருப்பதை அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். "இந்தத் தெருவுல யார் வீட்லயும் சொல்ல மாட்டாங்க. அங்க இருந்து அவன் என்ன பண்ணுவான், சோறு எறங்காது, அவ்வளவுதானே. நானும் சவுதில இருந்தேன். போன் பண்ணா உம்மா பேசும், வாப்பா தொழுகைக்குப் போயிருக்காங்கன்னு சொல்லும். எந்த நேரத்துக்குப் பண்ணாலும் தொழுகைக்குப் போயிருப்பாங்க."

"உங்களுக்குச் சந்தேகம் வரலையா?" என்றேன்.

"அஞ்சு வேளைத் தொழுகை எப்பன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுது. தெரிஞ்ச மாதிரி காட்டிக்கல. உம்மா மனசு நிம்மதியா இருந்துட்டுப் போகட்டும்."

அவர் அதைச் சொன்ன விதத்தில் வருத்தம் இல்லை. வாடாவைச் சூடாக இருக்கும்போதே சாப்பிடச் சொன்னார். நான் அதை ஒரு நல்ல மேற்கோளாக மட்டும் மனதில் வைத்துக்கொண்டு நெரவிக்குத் திரும்பினேன்.

நான்காம் நாள். காலை ஆறே முக்காலுக்கு வசந்தி தயாராக இருந்தாள். மாம்பழ நிறப் புடவை. கயல் வாங்கிக் கொடுத்தது. ரவிக்கை தொளதொளத்ததால் முதுகுப் பக்கம் மாப்பிள்ளை ஊக்கு குத்திவிட்டார், நான்கு ஊக்குகள். வீட்டுக்குப் பின்னால் அறுத்து முடிந்த வயல். வரப்பில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, பனிக்குப் பின்னால் சூரியன் ஏறும் திசைக்கு முதுகு காட்டி அவளை உட்கார வைத்தேன். தலையில் முடி இல்லாததற்கு நாங்கள் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. தை மாதப் பனியில் இங்கே எல்லாப் பெண்களும் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருகிறார்கள்.

மாப்பிள்ளை நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே, வெளிச்சத்தைச் சரிபார்க்க, துணி கட்டாமல் ஒரு படம் எடுத்தேன். அப்போது அவள் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள், வாய் திறந்திருந்தது. காட்டு என்றாள். கேமராவைக் கொடுத்தேன். திரையின் மேல் இரண்டு கைகளாலும் நிழல் கட்டிக்கொண்டு பார்த்தாள். வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியை அவள் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டதாக மாப்பிள்ளை முதல் நாளே சொல்லியிருந்தார்.

"இது வேணாண்ணே. அழிச்சிடு."

அப்புறம் அழிக்கிறேன் என்றேன்.

"இல்ல. நான் பாக்க அழி."

தெளிவாக வந்த படத்தை நான் அழித்ததில்லை. எதிர்க்கட்சிக்காரர் கேட்டும் அழித்ததில்லை, காவல் துறை கேட்டும் அழித்ததில்லை. அழித்தேன். திரையில் அடுத்த படமாக துணிக்கடைக்காரரின் சிரிப்பு வந்தது.

பிறகு வலைத்துணியை இரண்டு மடிப்பாகக் கட்டினேன். கடல் காற்று முந்தானையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தது. கையை உயர்த்தி நெற்றியோரத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அது நல்ல நிலை. பாதி நெற்றியும் கன்னத்தின் குழியும் மறைந்தன. எழுபத்திரண்டு படங்கள். ஏழேகாலுக்குப் பனி விலகியது, உட்கார்ந்திருந்தும் அவள் கால் நடுங்கத் தொடங்கியது, மாப்பிள்ளை மறுபடி வந்து நாற்காலியோடு அவளைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே உட்கார்ந்து மூவரும் பார்த்தோம். நாற்பத்தோராவது படத்தில் அவள் நிறுத்தச் சொன்னாள். பனி வெள்ளையாக இருந்தது, புடவை வெயிலாக இருந்தது, முகம் அதற்குள் மிதந்தது. நோய் எங்கும் இல்லை. மாப்பிள்ளை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இருந்தவ" என்றார்.

வசந்தி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "இவளை அனுப்புண்ணே" என்றாள் என்னிடம்.

மதியம் அனுப்பினேன். பணியில் இருந்தவரை படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதாமல் நான் எதையும் அனுப்பியதில்லை: யார், எங்கே, எப்போது. இதற்கு எதுவும் எழுதவில்லை. அரை மணி நேரத்தில் வசந்தியின் போனில் கயலின் குரல் வந்தது. அம்மா சினிமா நடிகை மாதிரி இருக்கிறாள், அப்பாவைப் பத்திரமாக இருக்கச் சொல்லு என்று ஒரே கேலி. வசந்தி அந்தக் குரல் செய்தியை மூன்று முறை போட்டுக் கேட்டாள். அன்று ஒன்றரை இட்லி சாப்பிட்டாள். மாப்பிள்ளை அதை என்னிடம் தனியாக வந்து சொன்னார். வந்த வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் முற்பகல், காரைக்கால் பேருந்து நிலையம். வண்டி கிளம்பக் கால் மணி நேரம் இருந்தது. பக்கத்து இருக்கையில் நாகப்பட்டினத்துக்காரர்கள் இருவர், புதுச்சேரி எல்லைக்குள் இருக்கும்வரை தாங்கள் வெளிநாட்டில் இருப்பதாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் போனில் கயலின் குரல் செய்தி வந்தது. பிரான்சில் அப்போது இன்னும் விடிந்திருக்காது. போனைக் காதோடு வைத்துக் கேட்டேன்.

"மாமா, போட்டோ ரொம்ப அழகா இருக்கு. அம்மாட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். அந்த வளையல் நான் கெளம்புறப்ப போட்டுவிட்டது. சோப்பு நொரை தடவித்தான் ஏத்துனேன், அம்மா வலிக்குதுன்னு என்னை ரெண்டு அடி அடிச்சாங்க. மணிக்கட்டுல இருந்து ஒரு விரக்கடை நகராது மாமா அது. இப்ப கையைத் தூக்குனா முழங்கைல போய்க் கிடக்கு."

போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

"எனக்குத் தெரியும்னு அம்மாட்ட சொல்லிடாதீங்க. மறைச்சாச்சுன்னு நிம்மதியா இருக்காங்க, அப்படியே இருக்கட்டும். ஆனா நீங்க மங்கல் இல்லாம ஒண்ணாவது எடுத்திருப்பீங்க. எனக்கு உங்களைத் தெரியும். அதை எனக்கு மட்டும் அனுப்புங்க."

படத்தைத் திறந்து பார்த்தேன். உயர்த்திய கை, அதில் முழங்கையருகே வளையல், பின்வெயில் பட்டு, வலைத்துணி அதன் ஒளியை விரித்து, படத்திலேயே மிகப் பிரகாசமான இடம் அதுதான். கையை உயர்த்தச் சொன்னவன் நான். செல்வராணியின் மூக்குத்தியைப் பற்றி எழுதி வைத்தவனும் நான். மூன்று பேர் உட்கார்ந்து பார்த்தோம், மூவரும் முகத்தைத்தான் பார்த்தோம்.

அழித்த படத்தை மீட்கலாம். அதற்கு மென்பொருள் இருக்கிறது, ஒரு மணி நேர வேலை. ஆனால் அது வசந்தி பார்க்க அழித்தது. அந்தப் படத்தை அவள் இல்லாமலாக்கச் சொன்னாள். நான் கண்ணால் பார்த்ததை இல்லாமலாக்கச் சொல்லவில்லை. அப்படி ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு தட்டச்சு செய்தேன்.

"படம் இல்லை கயல். அம்மா அழிக்கச் சொன்னாள். அதில் இருந்ததை எழுதுகிறேன். இடம், உங்கள் வீட்டுக் கொல்லைக்கு அடுத்த வயல் வரப்பு. நேரம், காலை ஆறு ஐம்பத்தைந்து. வசந்தி, வயது நாற்பத்தொன்பது, பிளாஸ்டிக் நாற்காலியில். வயிற்றில் புற்றுநோய், போன ஆடியிலிருந்து. புதுச்சேரியில் சிகிச்சை நடக்கிறது. கன்ன எலும்பு இரண்டும் தெரிகின்றன. புருவம் மையால் வரைந்தது, இடது பக்கம் சற்று மேலே ஏறிவிட்டது. உதட்டில் வெடிப்பு. கழுத்தில் தாலிக்கொடி, அதன் இரு பக்கமும் எலும்பு. நீ வாங்கிக் கொடுத்த மாம்பழ நிறப் புடவை. அவள் பின்னால், நாற்காலியைப் பிடித்தபடி உன் அப்பாவின் கை மட்டும் படத்துக்குள் வந்திருக்கிறது. அவள் வாய் திறந்திருக்கிறது, பேசிக்கொண்டிருந்தாள். கயலுக்கு இப்ப ராத்திரி, இடப்பக்கமா ஒருக்களிச்சுப் படுத்திருப்பாளா தெரியலையே, அதுதான் புள்ளைக்கு நல்லது, என்றாள்."

அனுப்பினேன். ஓட்டுநர் ஏறினார். நாகப்பட்டினத்துக்காரர்கள் கால்களை மடக்கி எனக்கு வழிவிட்டு ஜன்னலோரம் உட்காரச் சொன்னார்கள். அரசலாற்றுப் பாலத்தின் மேல் பதில் வந்தது. இம்முறை குரல் இல்லை, எழுத்து.

"இடப்பக்கமாத்தான் மாமா படுத்திருந்தேன்."